நூறு விநாடிக்குப் பிறகு வரும் சத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் குடும்பங்களில் பலருக்கு விடுமுறை என்றால் ஊட்டியும் இல்லை, கொடைக்கானலும் இல்லை. ஷிப்ட் மாறும் இடைவெளியில் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சிப்போனால் பொங்கலை ஒட்டி இரண்டு நாள். காலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். இந்தக் கொஞ்ச நேரத்திலும் பிள்ளைகளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. வண்டி ஏறிக் கால் மணி நேரம் ஆவதற்குள் "போர் அடிக்குது" தொடங்கிவிடும். உடனே செல்போன் கைமாறும், அல்லது சிப்ஸ் பாக்கெட் பிரியும். இரண்டும் தீர்ந்த பிறகு மறுபடியும் அதே புராணம்.

வேடிக்கை குறைந்துபோனதால்தான் பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அதனால் மேலும் மேலும் வேடிக்கை காட்டப் பார்க்கிறோம். சலிப்பை ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவருடைய சகாக்களும் 2012-ல் அதற்கு ஒரு வரையறை தந்தார்கள். மனம் எதிலாவது ஈடுபட ஆசைப்படுகிறது, ஆனால் ஈடுபட முடியவில்லை. அந்தத் தவிப்புதான் சலிப்பு. சோம்பேறிக்கு ஆசையே இருப்பதில்லை. சலித்துப்போன பிள்ளைக்கோ ஆசை நிறைய இருக்கிறது, அதைச் செலுத்த இடம்தான் கிடைக்கவில்லை.

அந்தத் தவிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை அமெரிக்காவில் டிமோதி வில்சன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெரியவர்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் சும்மா உட்காரவைத்தார்கள். போன் இல்லை, புத்தகம் இல்லை. பக்கத்தில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்தினால் மின் அதிர்ச்சி வரும். வலிக்கும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். இருந்தும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்திப் பார்த்தார்கள். வளர்ந்தவர்களின் கதையே இதுவென்றால், ஆறு வயதுப் பிள்ளை பஸ்ஸில் முன் சீட்டை உதைப்பதற்குக் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அந்தக் கவனத்துக்கு ஒரு வேலை வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில், அதுவும் அதன் வடகோடியில், அந்த வேலை கொட்டிக் கிடக்கிறது. இங்குள்ள பெற்றோர் பலர் அதைக் கவனிக்காமல் மால்களுக்குக் கிளம்புவதைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

முதலில் செல்போன். அதைக் கெட்ட பொருள் என்று ஒதுக்கும் கட்சியில் நான் இல்லை. ஆனால் ஓடும் பஸ்ஸிலும் காரிலும் அதைக் கொடுப்பதற்கு எதிராக ஓர் உடலியல் காரணம் இருக்கிறது. காதின் உட்பகுதியில் அரைவட்டக் குழாய்கள் மூன்று உண்டு. அவற்றில் இருக்கும் திரவம், தலை திரும்பும்போதும் வண்டி வளையும்போதும் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. குலுக்கலையும் வேகமாற்றத்தையும் சொல்ல அவற்றை ஒட்டியே வேறு உறுப்புகள் இருக்கின்றன. பிள்ளை திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொல்கிறது, "நாம் அசையவில்லை." காது சொல்கிறது, "குலுங்கிக்கொண்டே போகிறோம்." இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கைக்குழந்தைகளை இது அவ்வளவாகத் தொடுவதில்லை. 2 வயதுக்கு மேல் 12 வயது வரை உள்ளவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சாலையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் குனிந்து எதையாவது பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஜன்னலோரம் உட்காரவைத்துத் தொலைவில் அடிவானத்தைப் பார்க்கச் சொன்னால் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும்.

அடுத்தது, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்வி. காலம் போவதையே கவனித்துக்கொண்டிருந்தால் காலம் நீளும். இது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. கவனம் வேறு வேலையில் இருந்தால் அதே பத்து நிமிடம் சுருங்கிவிடும். தவிர, கடிகாரம் பார்க்கக் கற்ற பிறகும், "முக்கால் மணி நேரம்" என்பது சின்னப் பிள்ளைக்கு வெறும் சொல்தான். அந்தக் கணக்குக்குப் பதிலாக எண்ணக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும். சென்னை மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் மின்சார ரயில் இதற்கென்றே அமைந்தது. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கடந்ததை அடிக்கச் சொல்லுங்கள். மீதி எத்தனை என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். நம்மிடம் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

இந்தப் பாதையில் ஜன்னலுக்கு வெளியே ஓர் இயற்பியல் பாடமே ஓடிக்கொண்டிருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டிய மின்கம்பங்கள் பின்னால் பாய்கின்றன. அத்திப்பட்டுப் பக்கம் நிற்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளோ ரயிலோடு கூடவே வருகின்றன. ஏன்? ரயில் பத்து மீட்டர் நகர்ந்தால், அருகில் இருக்கும் கம்பத்தை நாம் பார்க்கும் கோணம் பெரிதாக மாறிவிடுகிறது. சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் புகைபோக்கிக்குக் கோணம் மாறுவதே தெரிவதில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே இதைச் சோதிக்கலாம். கட்டைவிரலைக் கண்ணுக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் விரல் இடம் மாறிக் குதிக்கும். விரலை மூக்குக்கு அருகில் கொண்டுவந்தால் இன்னும் அதிகமாகக் குதிக்கும். இந்தக் குதிப்பை அளந்துதான் 1838-ல் ஃபிரெடரிக் பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வானியலாளர் ஒரு விண்மீனின் தூரத்தை நம்பகமாகக் கணக்கிட்டார். அவருக்கு இரண்டு கண்களாக அமைந்தவை, சூரியனுக்கு இந்தப் பக்கமும் ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கமும் பூமி நிற்கும் இடங்கள். அந்த விண்மீன் நம்மிடமிருந்து சுமார் 11 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ரயில் இறங்கும் வரை கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த அனல்மின் நிலையங்களிலேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இடுப்பு ஒடுங்கிய பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதும், உயரமான மெல்லிய புகைபோக்கியிலிருந்து கிளம்புவதும் ஒன்றா? அகன்ற கோபுரம் தண்ணீரைக் குளிர்விப்பது. அதிலிருந்து வரும் வெண்மை, நீராவி குளிர்ந்து உண்டான நுண்ணிய துளிகள். கொஞ்ச தூரம் போனதும் காற்றில் ஆவியாகி, இருந்த சுவடில்லாமல் மறைந்துவிடும். புகை அப்படி மறையாது, மங்கிப் பரவும். எது மறைகிறது, எது பரவுகிறது என்று பார்த்துச் சொல்வது பிள்ளையின் வேலை.

எண்ணூரைத் தாண்டி ரயில் பாலத்தில் ஏறும்போது கீழே கொசஸ்தலையாறு. தண்ணீரும் கரையும் ஏன் சாம்பல் நிறமாக இருக்கின்றன என்று பிள்ளை கேட்கலாம். அனல்மின் சாம்பல் இந்த ஆற்றில் கலந்து படிவது பல ஆண்டுகளாக நீடிக்கும் பிரச்சினை. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். உல்லாசப் பயணத்தில் இதெல்லாம் எதற்கு என்று பேச்சை மாற்றிவிடாதீர்கள். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர் செய்தி. அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். இதே ஆற்றின் கரைக்கு மேற்கே இன்னொரு நாள் போகப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

எந்தக் கேள்வி பிள்ளையைப் பிடித்து நிறுத்தும், எது நழுவிப்போகும்? 2012-ல் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஏழெட்டு மாதக் குழந்தைகளுக்குத் திரையில் காட்சிகளைக் காட்டி, எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்று கவனித்தார்கள். அடுத்து என்ன வரும் என்று எளிதில் ஊகிக்க முடிந்தால் குழந்தைகள் திரும்பிக்கொண்டன. எதையுமே ஊகிக்க முடியாதபோதும் திரும்பிக்கொண்டன. இரண்டுக்கும் நடுவில் இருந்ததைத்தான் நெடுநேரம் பார்த்தன. செல்போன் விளையாட்டு பிள்ளைகளைக் கட்டிப்போடுவதன் ரகசியமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நிலையை ஜெயித்தால் கொஞ்சம் கடினமாக்கித் தருகிறது, தோற்றால் மறு வாய்ப்புத் தருகிறது. எப்போதும் பிள்ளையின் எட்டும் உயரத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நிற்கிறது. நாமோ நாலு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் ஒரே கேள்வியை, ஒரே குரலில் கேட்கிறோம். சின்னவனுக்கு மின்கம்பத்தை எண்ணும் வேலையும், பெரியவளுக்குக் கோணக் கணக்கும் என்று பிரித்துக் கொடுத்தால் செல்போனோடு ஓரளவு போட்டி போடலாம்.

இன்னொரு ஆய்வு பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நேரடியாக உறைக்க வேண்டியது. எலிசபெத் போனாவிட்ஸ் குழுவினர் 2011-ல் வெளியிட்டது. குழாய்கள் பொருத்திய ஒரு புதுப் பொம்மை. ஒரு குழாயை இழுத்தால் கீச்சிடும். அதைத் தவிர விளக்கு, இசை, கண்ணாடி என்று மறைந்திருக்கும் விந்தைகளும் உண்டு. ஒரு குழுப் பிள்ளைகளிடம், "இதோ பார், இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று கீச்சொலியைக் காட்டிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவிடம் தற்செயலாகக் குழாயை இழுத்ததுபோல நடித்து, "அட!" என்று விட்டுவிட்டார்கள். கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் கீச்சொலியோடு நின்றுகொண்டார்கள். மற்றவர்கள் அதிக நேரம் துழாவி, மறைந்திருந்ததையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். முழுசாகச் சொல்லிக்கொடுத்தால், சொன்னதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. ஓர் இடத்துக்குப் போனதும் அறிவிப்புப் பலகையை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்துக் காட்டும் அப்பாக்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஒரே நிகழ்ச்சியில் பார்க்க ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை விட்டால் வேறு இல்லை. ஏவுதளம் ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும், பழவேற்காட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். 2019 முதல் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும் அரங்கு இருக்கிறது. அதற்கு முன்பதிவு வேண்டும். பழவேற்காட்டுக் கரைக்கோ, கும்மிடிப்பூண்டி மொட்டை மாடிக்கோ எந்தப் பதிவும் வேண்டாம்.

ஒருமுறை அண்ணன் பிள்ளைகளோடு பழவேற்காட்டுக் கரையில் நின்றிருந்தேன். அடிவானத்தில் ஆரஞ்சு நிறத் தீ எழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். பெரியவள் மட்டும் திரும்பி, "சித்தப்பா, சத்தமே வரலையே?" என்றாள். "ஆமாம்ல? எண்ணு, பாப்போம்" என்றேன். எண்ணத் தொடங்கினாள். முப்பதில் தம்பியும் சேர்ந்துகொண்டான். ஐம்பதில் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். தீ ஒரு புள்ளியாகி, மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. பெரியவர்கள் பலர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார்கள். எண்ணிக்கை நூறை நெருங்கும்போது, காதுக்கு முன் நெஞ்சுக்குத் தெரிவதுபோல ஓர் உறுமல் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. சின்னவன் கைதட்டிக் குதித்தான். எண்ணியது வீண்போகவில்லையே!

எண்ணிக்கையும் சரிதான். ஒளிக்கு 35 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல் நேரத்தில் வந்துவிடும். ஒலி நம் ஊர் வெயிலில் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 35 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 100 விநாடி ஆகிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கு எரிந்து முடிந்து கழன்று விழுவது ஏறக்குறைய 110-வது விநாடியில். அதாவது ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்பிய சத்தம் பழவேற்காட்டுக்கு வந்து சேரும்போது, முதல் அடுக்கு தன் வாழ்நாள் வேலையையே முடிக்கப்போகிறது. நாம் கேட்பது, நடந்து முடிந்துபோன ஒன்று. அந்தச் சத்தம் உறுமலாக மட்டும் கேட்பதற்கும் காரணம் உண்டு. உயர்ந்த சுருதி ஒலிகளைக் காற்று வழியிலேயே அதிகமாக உறிஞ்சிவிடுகிறது. தாழ்ந்த சுருதி ஒலிகள்தான் நெடுந்தூரம் தாங்கி வருகின்றன. காற்றின் திசை சாதகமாக இல்லாத நாளில் அதுவும் மங்கலாகிவிடும். ஏவுதல் இல்லாத காலத்தில் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி வெட்டியது என்று கிடைத்துவிடும். வீட்டுக்குள் இருந்தபடி செய்ய வேண்டிய கணக்கு இது.

அடுத்து மேற்கே போவோம். ரயில் பாலத்தில் பார்த்த அதே கொசஸ்தலையாற்றுப் படுகையில், சென்னையிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு வில்லியம் கிங்கோடு சேர்ந்து இங்கும் கருவிகளைக் கண்டார். 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் ஷர்மா மையத்தின் சார்பில் இங்கே நிதானமாக அகழாய்வு செய்தார்கள். 2011-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. இங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குக் குறைந்தது 10 லட்சம் ஆண்டு, சராசரிக் கணக்கில் 15 லட்சம் ஆண்டு வயது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே யாரோ இங்கே கல் உடைத்திருக்கிறார்கள். 2018-ல் இன்னொரு முடிவு வந்தது. பெரிய கைக்கோடரிகளை விட்டுச் சிறிய செதில் கருவிகளுக்கு மாறும் இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் இங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது அது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வசதியானது பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் தொல்பழங்கால அகழ்வைப்பகம். சின்ன இடம்தான். கண்ணாடிக்குள் வரிசையாகக் கற்கள். "வெறும் கல்லுதானே?" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். அந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் காத்திருக்க வேண்டும். ஏனென்றால் அதற்கான விடை கண்ணெதிரே கல்லிலேயே இருக்கிறது. ஒரு கைக்கோடரியைக் கிட்டத்தில் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அடிப்பகுதி தடித்து, மேலே போகப் போக ஒடுங்கிக் கூர்மையாகும் நீர்த்துளி வடிவம். மேற்பரப்பில் ஆழமில்லாத குழிகள். ஒவ்வொரு குழியும் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் செல்கிறது. திருப்பிவைத்த கருவியைப் பார்த்தால் மறுபக்கத்திலும் அதே மாதிரி. குவார்ட்சைட் கல்லின் விளிம்பில் இன்னொரு கல்லால் சரியான கோணத்தில் அடித்தால், விசை உள்ளே கூம்பாக விரிந்து ஒரு செதிலைப் பெயர்த்தெடுக்கும். பெயர்ந்த செதிலில் அடிபட்ட இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பு, தாய்க்கல்லில் அதற்கு ஈடான குழி. ஆற்று வெள்ளத்தில் உருண்டு உடைந்த கல்லில் தழும்புகள் தாறுமாறாக இருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். இங்கே தழும்புகள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒழுங்காக விழுந்திருக்கின்றன. வெள்ளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒருவர் உட்கார்ந்து, கல்லைத் திருப்பித் திருப்பி அடித்திருக்கிறார். எத்தனை அடி என்று தழும்புகளை எண்ணச் சொல்லுங்கள். எந்தக் கையால் பிடித்தால் எந்த விளிம்பு வெட்டும் என்று காற்றில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அகழ்வைப்பகத்தில் கால்மணி நேரம் தாங்காத பிள்ளை இந்த வேலையில் அரைமணி நேரம் தாங்கும்.

15 லட்சம் ஆண்டு என்று எப்படித் தெரியும்? பெரிய பிள்ளைகள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமியில் விழுகின்றன. தரையில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் அவை மோதும்போது, அதில் உள்ள ஆக்சிஜனிலிருந்து பெரிலியம்-10, சிலிக்கானிலிருந்து அலுமினியம்-26 என்ற இரண்டு அரிய அணுக்கள் உண்டாகின்றன. கல் மண்ணில் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டுவதில்லை. புதிதாக உருவாவது ஏறக்குறைய நின்றுவிடும். ஏற்கெனவே சேர்ந்தவை சிதையத் தொடங்கும். அலுமினியம்-26 சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியம்-10 பாதியாக அதைப்போல் இரண்டு மடங்கு காலம் எடுக்கும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் குறைவதால், மிஞ்சியிருக்கும் இரண்டின் விகிதமே கல் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. வானத்திலிருந்து வந்த கதிர் ஆற்றங்கரைக் கல்லில் தேதி எழுதிவைத்திருக்கிறது. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மலைப்பு இன்னும் குறையவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஐசோடோப் வேண்டாம், கால் போதும். ஓர் அடி எடுத்துவைத்தால் ஆயிரம் ஆண்டு என்று வைத்துக்கொண்டு பூண்டிச் சாலையோரம் நடக்கலாம். முதல் அடியில் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடிக்கிறான். மூன்றாம் அடி ஊன்றுவதற்குள் கீழடியைத் தாண்டிவிடுவோம். அத்திரம்பாக்கத்துக்காரர் கல் உடைக்கும் இடத்துக்குப் போக 1,500 அடி வைக்க வேண்டும். பிள்ளைகள் நடந்து களைக்கட்டும். களைத்த கால் அந்தக் காலத்தின் நீளத்தை நினைவில் வைத்திருக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பக்கத்து வயலிலோ ஓடையிலோ கல் கிடைத்தால் பார்க்கலாம், படம் எடுக்கலாம், வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. கல் எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டிய செய்தி. இடம் பெயர்ந்த கல் அதை இழந்துவிடுகிறது.

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம், இந்த முறை பறவைகளுக்காக. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் பூநாரைக் காலத்தில்தான் வருகின்றன. பூநாரையின் இளஞ்சிவப்பு அது சாப்பிடும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமியிலிருந்து வருகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் பிறக்கின்றன. கூட்டத்தில் நிறம் மங்கியவை எவை என்று தேடச் சொன்னால், வயதில் இளையவற்றைப் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். அது தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி வைத்துச் சேற்றுநீரை வடிகட்டிச் சாப்பிடுவதையும் கவனிக்கலாம்.

அதைவிடச் சுவையான கேள்வி, ஒற்றைக் காலில் எப்படித் தூங்குகிறது என்பது. அமெரிக்காவில் யங்-ஹுய் சாங், லீனா டிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் இதற்கு எதிர்பாராத விடை தந்தார்கள். இறந்துபோன பூநாரையின் உடலை ஒற்றைக் காலில் நிறுத்தினால், தசை எதுவும் வேலை செய்யாமலே அது நின்றது. இரண்டு காலில் அப்படி நிறுத்த முடியவில்லை. காலை உடலுக்கு நேர் கீழே சாய்த்துக் கொண்டுவந்ததும் உடலின் எடையே மூட்டுகளை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. கரையில் எல்லோரும் ஒற்றைக் காலில் நின்று, பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தாத்தா முதலில் தடுமாறுவார், அப்பா அடுத்து. கண் மூடியதும் ஏன் தடுமாறுகிறோம் என்று யோசித்தால், பஸ்ஸில் வாந்தி வரவழைத்த அதே காதுக் குழாய்களுக்கும் கண்ணுக்கும் உள்ள கூட்டணிக்கு வந்துவிடுவோம்.

பறவைகளைக் கரையில் இருந்தே பாருங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அதன் பிறகு படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. யாராவது காசு வாங்கிக்கொண்டு கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஒரு சாதாரணத் தொலைநோக்கி போதும்.

ஐஸ்கிரீமைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பத்துப் பறவை எண்ணினா ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசத் தோன்றும். 1973-ல் மார்க் லெப்பரும் சகாக்களும் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொல்லி, பரிசையும் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் தாமாக வரைந்தார்கள். ஐஸ்கிரீமை ஐஸ்கிரீமுக்காகவே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பறவையைப் பறவைக்காகவே எண்ணட்டும்.

லீவே கிடைக்காத குடும்பங்களும் சிப்காட் பக்கம் நிறைய உண்டு. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில், பெற்றோர் ஷிப்டில். அவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், நண்பகல் 12 மணி 7 நிமிடம் வாக்கில், சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் நடுவிலேயே ஒரு பாட்டிலை மாடியில் நிறுத்தி, தினமும் அதே நேரத்துக்கு நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். தலையில் தொப்பியோடு போய், கோடு போட்டதும் இறங்கிவிட வேண்டும். வடக்கே விழும் நிழல் நாளுக்கு நாள் குட்டையாகும். ஒரு நாள் பாட்டிலின் அடிக்குள் ஒடுங்கிக் காணாமல் போகும். அதன் பிறகு தெற்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். ஏன் பக்கம் மாறியது என்று கேட்டால் உடனே சொல்லிவிடாமல், ஒரு டார்ச் லைட்டையும் பாட்டிலையும் கொடுத்து விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் நடுவில் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும்போது பள்ளி திறந்திருக்கும், அன்று 12.15 வாக்கில் மைதானத்துக் கொடிக்கம்பத்தின் நிழலைப் பார்க்கச் சொல்லலாம்.